‘சிங்கப்பூர் கம்பெனி’ என்ற சொல்லின் விலை

சிங்கப்பூரில் ஒரு தனியார் நிறுவனத்தைப் பதிவுசெய்ய அரசுக்குச் செலுத்த வேண்டிய கட்டணம் 315 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). பெயருக்கு ஒப்புதல் பெற 15 வெள்ளி, பதிவுக்கு 300 வெள்ளி. இங்கு வசிக்கும் இயக்குநர் ஒருவரும் உள்ளூர் முகவரி ஒன்றும் வேண்டும். வெளிநாட்டவருக்கு இவ்விரண்டையும் ஏற்பாடு செய்து தருவதையே தொழிலாகக் கொண்ட முகவர்கள் பலர் உள்ளனர். தாள்கள் சரியாக இருந்தால் ஓரிரு நாள்களில் வேலை முடிந்துவிடும். இதில் தவறு ஏதும் இல்லை. வணிகம் தொடங்குவதை எளிதாக்கியது இந்த நகரம் செழித்ததற்கான காரணங்களுள் ஒன்று. ஆனால் இந்தப் பதிவுக்கும், பிறருடைய பணத்தைக் கையாள்வதற்கு, நிதித்துறையைக் கண்காணிக்கும் சிங்கப்பூர் நாணய ஆணையம் வழங்கும் உரிமத்துக்கும் இடையே உள்ள தொலைவு மிகப் பெரியது. கிரிப்டோ நாணயத் துறையில் கடந்த சில ஆண்டுகளில் நடந்த பல இழப்புகள் இந்தத் தொலைவுக்குள்தான் நிகழ்ந்தன என்பது என் கருத்து.

தஞ்சாவூரில் இருக்கும் என் அண்ணன் மகன் ஒருமுறை ஒரு கிரிப்டோ நிறுவனத்தைப் பற்றித் தொலைபேசியில் அழைத்து, “சித்தப்பா, அது சிங்கப்பூர் கம்பெனிதான், நீங்க அங்கதானே இருக்கீங்க, நம்பிப் போடலாமா?” என்று கேட்டான். அவன் கேள்வியில் இருந்த நம்பிக்கை என்னைக் கவலைப்படுத்தியது. தமிழ்நாட்டில் ‘சிங்கப்பூர்’ என்ற சொல் மூன்று, நான்கு தலைமுறைகளாகச் சேர்த்துவைத்த மதிப்பு ஒன்று உண்டு. மாதம் தவறாமல் ஊருக்குப் பணம் அனுப்பியவர்கள், சிராங்கூன் சாலையில் குண்டுமணி எடை குறையாமல் நகை வாங்கிச் சென்றவர்கள், கையூட்டு கொடுக்காமல் அலுவலக வேலை முடியும் என்று ஊரில் போய்ச் சொன்னவர்கள் சேர்ந்து ஈட்டிய மதிப்பு அது. அந்த மதிப்பை 315 வெள்ளிக்கு யார் வேண்டுமானாலும் வாடகைக்கு எடுக்க முடிந்திருக்கிறது.

2022ஆம் ஆண்டைப் பார்ப்போம். அந்த ஆண்டின் பெரும் சரிவு டெரா என்ற கிரிப்டோ திட்டத்தில் தொடங்கியது. அதை நடத்திய டெராஃபார்ம் லேப்ஸ், தென்கொரியரான டோ குவோன் 2018இல் இணைந்து நிறுவி சிங்கப்பூரில் பதிவுசெய்த நிறுவனம். டெராயூஎஸ்டி என்ற அவர்களுடைய டோக்கன் (கிரிப்டோ நாணய அலகு) எப்போதும் ஓர் அமெரிக்க டாலர் மதிப்பில் நிற்கும் என்று சொல்லப்பட்டது. ஆனால் அதற்குப் பின்னால் வங்கியில் டாலர் வைக்கப்படவில்லை. ஒரு டெராயூஎஸ்டியைக் கொடுத்தால் ஒரு டாலர் பெறுமான லூனா என்ற இன்னொரு டோக்கன் புதிதாக அச்சிட்டுத் தரப்படும் என்ற கணக்கு மட்டுமே அதைத் தாங்கியது. லூனாவுக்குச் சந்தையில் மதிப்பு இருக்கும்வரை இந்தக் கணக்கு நிற்கும். எல்லாரும் ஒரே நேரத்தில் வெளியேற முயன்றால் லூனாவை மேலும் மேலும் அச்சிட வேண்டும். அச்சிட அச்சிட அதன் விலை விழும். விலை விழ விழ இன்னும் அதிகம் அச்சிட வேண்டும். 2022 மே மாதத்தில் நடந்தது இதுவே. சில நாள்களுக்குள் லூனாவின் எண்ணிக்கை சில நூறு மில்லியனிலிருந்து ஆறு டிரில்லியனுக்கு மேல் பெருகியது. ஏப்ரலில் 100 டாலரைத் தாண்டி விற்ற டோக்கன் ஒரு சென்டின் சிறு பின்னத்துக்கு விழுந்தது. சுமார் 40 பில்லியன் அமெரிக்க டாலர் மதிப்பு அழிந்தது.

மக்கள் ஏன் இதில் இவ்வளவு பணம் போட்டார்கள் என்ற கேள்விக்கு விடை ஆங்கர் என்ற சேவையில் இருக்கிறது. அதில் டெராயூஎஸ்டியை வைத்திருந்தால் ஆண்டுக்கு 20 விழுக்காட்டை நெருங்கிய வட்டி கிடைத்தது. கடன் வாங்கியவர்கள் செலுத்திய வட்டி அதற்குப் போதவில்லை. பற்றாக்குறையை ஈடுகட்ட இருப்பு நிதியில் வெளியிலிருந்து பணம் ஊற்றப்பட்டது. ஏலச்சீட்டு எடுத்துப் பழகிய எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் இந்த இடத்தில் எழ வேண்டிய கேள்வி தெரியும்: இந்த வட்டியை யார் கொடுக்கிறார்? சீட்டில் அதற்கு விடை உண்டு. அவசரத்துக்குத் தள்ளி எடுத்தவர் விட்டுக்கொடுத்த தொகையே மற்றவர்களின் ஆதாயம். ஆங்கரில் இருந்த விடை, ‘அடுத்து வருபவர்களுக்காக நிறுவனமே செலவழிக்கிறது’ என்பதே. சிங்கப்பூர் இதற்கு முன்பும் இப்படிப்பட்ட பாடத்தைப் படித்த ஊர்தான். 1970களின் தொடக்கத்தில் ஜெமினி சீட்டு நிறுவனம் சரிந்தபோது ஆயிரக்கணக்கானோர் சேமிப்பை இழந்ததை மூத்தவர்கள் இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

டெராவை வெறும் தவறான கணிப்பு என்று விட்டுவிட முடியாது. 2021 மே மாதத்திலேயே டெராயூஎஸ்டி ஒரு டாலருக்குக் கீழே சரிந்தது. அப்போது கணினி நிரல் தானாகவே அதை மீட்டெடுத்துவிட்டது என்று குவோன் உலகுக்குச் சொன்னார். உண்மையில் ஒரு வணிக நிறுவனம் மறைவாகப் பெருமளவில் வாங்கி விலையைத் தூக்கி நிறுத்தியது என்பது பின்னர் அமெரிக்க நீதிமன்றத்தில் வெளிப்பட்டது. விளம்பர ஆரவாரம் எந்த இடத்தில் மோசடியாக மாறுகிறது என்று கேட்பவருக்கு நான் இந்த நிகழ்வைத்தான் காட்டுவேன். தன் திட்டம் வெற்றி பெறும் என்று ஒருவர் மிகையாக நம்பலாம். அது ஏற்கெனவே ஒருமுறை தோற்றதை மறைத்து, அந்தத் தோல்வியையே வெற்றிக்குச் சான்றாகக் காட்டி, அடுத்த ஓராண்டு முழுவதும் மக்களிடம் பணம் திரட்டுவது வேறு. 2023 மார்ச்சில் மாண்டினீக்ரோவில் போலிக் கடப்பிதழுடன் பிடிபட்ட குவோன், 2024 இறுதியில் அமெரிக்காவிடம் ஒப்படைக்கப்பட்டு, 2025இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 15 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்.

டெரா விழுந்தபோது அதில் சாய்ந்திருந்தவர்களும் விழுந்தார்கள். சிங்கப்பூரில் இயங்கிய திரீ ஆரோஸ் கேப்பிட்டல் என்ற முதலீட்டு நிதி 2022 ஜூனில் திவாலானது. அதற்குக் கடன் கொடுத்தவர்கள் கோரிய தொகை சுமார் 3.5 பில்லியன் அமெரிக்க டாலர். சொந்தப் பணத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், துறையின் மற்ற நிறுவனங்களிடம் கடன் வாங்கிச் சூதாடியதால், அந்த நிறுவனங்களில் பணம் வைத்திருந்த சாதாரண மக்கள்வரை அடி இறங்கியது. ஜூலை 4ஆம் தேதி வால்ட் என்ற கிரிப்டோ தளம் வாடிக்கையாளர்கள் பணம் எடுப்பதை நிறுத்தியது. அது சிங்கப்பூரில் தலைமையகம் கொண்டிருந்தாலும் அதன் செயல்பாடும் வாடிக்கையாளர்களும் பெரும்பாலும் இந்தியாவில் இருந்தார்கள். ஆகஸ்டில் ஹோட்ல்நாட் என்ற சிங்கப்பூர் கிரிப்டோ நிறுவனமும் நிறுத்தியது. இந்நிறுவனம் டெராவில் சுமார் 190 மில்லியன் அமெரிக்க டாலரை இழந்திருந்தும், தன் பங்கு மிகச் சிறியது என்ற தோற்றத்தை வாடிக்கையாளர்களுக்கு அளித்தது என்று நீதிமன்றம் நியமித்த இடைக்கால மேலாளர்கள் அறிக்கை அளித்தனர். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் நாணய ஆணையம் அதற்குக் கொள்கை அளவிலான ஒப்புதலை வழங்கியிருந்தது. பின்னர் அது திரும்பப் பெறப்பட்டது.

அந்த ஜூலையில் நாணய ஆணையத்தின் அப்போதைய நிர்வாக இயக்குநர் ரவி மேனன் ஒரு விளக்கம் அளித்தார். ‘சிங்கப்பூரைச் சேர்ந்தவை’ என்று ஊடகங்கள் குறிப்பிடும் இந்நிறுவனங்களுக்கும் சிங்கப்பூரின் கிரிப்டோ ஒழுங்குமுறைக்கும் அதிகத் தொடர்பு இல்லை என்பது அதன் சாரம். டெராஃபார்ம் உரிமம் பெறவும் இல்லை, விண்ணப்பிக்கவும் இல்லை. வால்ட் விண்ணப்பித்திருந்தது, உரிமம் பெறவில்லை. திரீ ஆரோஸ், கிரிப்டோ உரிமத்தின் கீழ் அல்லாமல், குறிப்பிட்ட சில பெருமுதலீட்டாளர்களுக்காக 250 மில்லியன் வெள்ளிவரை நிர்வகிக்க அனுமதித்த நிதி நிர்வாகப் பதிவின் கீழ் இயங்கியது. அந்த வரம்பை மீறியதற்காகவும் தவறான தகவல் அளித்ததற்காகவும் ஆணையம் அதைக் கண்டித்தது.

சட்டத்தின்படி ரவி மேனன் சொன்னது முற்றிலும் சரி. ஆனாலும் அதைப் படித்தபோது எனக்கு நிறைவு ஏற்படவில்லை. பணம் போட்டவர்கள் நம்பியது சட்டப் பிரிவை அல்ல, பெயரை. வீட்டின் முகப்பில் நம் பெயர்ப் பலகையை வேறொருவர் மாட்டிக்கொண்டு கடன் வாங்கினால், ‘அவர் எங்கள் வீட்டுக்காரர் அல்லர்’ என்று சொல்வதோடு நம் வேலை முடிந்துவிடாது. பலகையைக் கழற்றவும் வேண்டும். ஆணையம் அதைச் செய்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் அதற்குச் சில ஆண்டுகள் ஆயின.

சட்டத்தில் இருந்த ஓட்டையை இங்கே விளக்க வேண்டும். 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த கட்டணச் சேவைகள் சட்டம், சிங்கப்பூரில் உள்ளவர்களுக்குக் கிரிப்டோ சேவை வழங்குவோரை உரிம முறைக்குள் கொண்டுவந்தது. இங்கே அலுவலகம் வைத்துக்கொண்டு வெளிநாட்டில் உள்ளவர்களுக்கு மட்டும் சேவை செய்தவர்கள் அதற்கு வெளியே நின்றார்கள். அதாவது சிங்கப்பூரின் தேக்காவில் இருப்பவருக்கு விற்றால் உரிமம் வேண்டும், திருச்சியில் இருப்பவருக்கு விற்றால் வேண்டாம். நாடாளுமன்றம் 2022 ஏப்ரலிலேயே இதற்கான சட்டத்தை நிறைவேற்றியிருந்தபோதிலும், அதன் இந்தப் பகுதி 2025 ஜூன் 30இல்தான் நடப்புக்கு வந்தது. அன்று முதல் வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு மட்டும் சேவை வழங்குவோரும் உரிமம் பெற வேண்டும் அல்லது அந்த வேலையை நிறுத்த வேண்டும். அத்தகைய உரிமம் மிக அரிதாகவே வழங்கப்படும் என்று ஆணையம் முன்கூட்டியே தெளிவாகச் சொல்லிவிட்டது. மீறினால் 250,000 வெள்ளிவரை அபராதமும் மூன்றாண்டுவரை சிறையும் விதிக்கப்படலாம்.

உள்நாட்டு வாடிக்கையாளர்களைப் பொறுத்தவரை கட்டுப்பாடுகள் படிப்படியாக இறுகின. 2022 ஜனவரியில் பொது இடங்களில் விளம்பரம் செய்வது தடுக்கப்பட்டது. கடைத்தொகுதிகளில் இருந்த கிரிப்டோ இயந்திரங்கள் அகற்றப்பட்டன. சில்லறை வாடிக்கையாளரின் டோக்கன்களைக் கடனுக்கு விட்டு வட்டி ஈட்ட வழிசெய்யக் கூடாது, கடன் அட்டையில் வாங்க விடக்கூடாது, சேர்வதற்கு இலவசப் பரிசு தரக்கூடாது என்ற விதிகள் 2023இல் அறிவிக்கப்பட்டன. வாடிக்கையாளரின் சொத்தை நிறுவனத்தின் சொத்திலிருந்து பிரித்து அறக்காப்பாக, அதாவது வாடிக்கையாளருக்கே உரியதாக, வைக்க வேண்டும் என்பது இவற்றுள் முக்கியமானது. எஃப்டிஎக்ஸ் என்ற கிரிப்டோ வணிகத் தளத்தில் நடந்தது இதன் நேர் எதிர். வாடிக்கையாளர் பணம் உரிமையாளரின் மற்றொரு நிறுவனத்துக்குப் போய், 2022 நவம்பரில் எல்லாம் சரிந்தது. அதன் நிறுவனர் சாம் பேங்க்மன்-ஃபிரைடு 2024 மார்ச்சில் 25 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்.

எஃப்டிஎக்ஸ் சிங்கப்பூரர்களுக்கு வேறொரு வகையிலும் வலித்தது. சிங்கப்பூர் அரசுக்குச் சொந்தமான முதலீட்டு நிறுவனமான தெமாசெக் அதில் 275 மில்லியன் அமெரிக்க டாலர் முதலீடு செய்து, முழுவதையும் இழப்பாக எழுதியது. முதலீட்டுக்கு முன் சுமார் எட்டு மாதங்கள் ஆய்வு நடந்தது. தணிக்கை செய்யப்பட்ட கணக்குகள் இலாபம் காட்டின. ஆயினும் உள்ளே நடந்தது தெரியவில்லை. அப்போது துணைப் பிரதமராக இருந்த லாரன்ஸ் வோங், இது நிதி இழப்போடு நற்பெயருக்கும் இழுக்கு என்று நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார். 2023 மே மாதத்தில், முதலீட்டுக் குழுவும் மூத்த நிர்வாகமும் கூட்டாகப் பொறுப்பேற்று ஊதியக் குறைப்பை ஏற்றதாகத் தெமாசெக் அறிவித்தது. அந்தக் குறைப்பு எவ்வளவு என்று அறிவிக்கப்படவில்லை, அது குறையே. எனினும் முழுத் துறையிலும் ‘இது எங்கள் தவறு’ என்று ஒருவர் சொல்லி அதற்கு விலையும் கொடுத்த நிகழ்வுகள் மிகச் சிலவே என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

ஏனெனில் மற்ற இடங்களில் பொறுப்பு எப்படி முடிந்தது என்று பாருங்கள். திரீ ஆரோஸ் நிறுவனர்களில் ஒருவரான சூ சூ 2023 செப்டம்பரில் சாங்கி விமான நிலையத்தில் கைதானார். விதிக்கப்பட்ட தண்டனை நான்கு மாதச் சிறை. அதுவும் 3.5 பில்லியனுக்காக அல்ல. திவாலான நிறுவனத்தின் சொத்துகளைத் திரட்டும் கலைப்பாளர்களுடன் ஒத்துழைக்க வேண்டும் என்ற நீதிமன்ற ஆணையை மதிக்காததற்காக. நிதித்துறையில் ஈடுபட ஒன்பது ஆண்டுத் தடையும் ஆணையத்தால் விதிக்கப்பட்டது. பெருந்தொகை இழப்புகளுக்கான நீண்ட சிறைத்தண்டனைகள் நியூயார்க் நீதிமன்றத்தில்தான் விதிக்கப்பட்டன. சிங்கப்பூர் பெயரில் நடந்தவற்றுக்கு நீதி தேடி அமெரிக்காவைப் பார்க்க வேண்டியிருந்தது எனக்கு வருத்தம் தருகிறது.

இவை நிறுவனங்களின் கதை. பெயரே இல்லாத மோசடிக்காரர்களின் கதை தனி, அதன் அளவும் பெரிது. 2024இல் சிங்கப்பூரில் 51,501 மோசடிச் சம்பவங்கள் பதிவாகி, குறைந்தது 1.1 பில்லியன் வெள்ளி பறிபோனது. இழப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கிரிப்டோ வடிவில் போனது. ஒரே ஒருவர் மட்டும் 125 மில்லியன் வெள்ளி பெறுமான கிரிப்டோவை இழந்தார். மோசடிக்காரர்கள் கிரிப்டோவை விரும்புவதற்கான காரணம் எளிது. வங்கியில் தவறான கணக்குக்குப் போன பணத்தை, விரைவில் புகார் அளித்தால், வழியில் முடக்க வாய்ப்புண்டு. மின்பணப்பையிலிருந்து புறப்பட்ட டோக்கனைத் திரும்ப அழைக்க நடுவில் யாரும் இல்லை. அது நிமிடங்களில் பல பணப்பைகளைக் கடந்து, வேறு டோக்கனாக மாறி, எல்லை தாண்டிவிடும். உரிமம் பெற்ற தளம் ஒன்றில் அது வந்து நின்றால், அல்லது அந்த டோக்கனை வெளியிட்ட நிறுவனம் முடக்கச் சம்மதித்தால் மட்டுமே பிடிக்க முடியும்.

2024 டிசம்பரில் நடப்புக்கு வந்த பொறுப்புப் பகிர்வுக் கட்டமைப்பு வங்கிகளையும் தொலைத்தொடர்பு நிறுவனங்களையும் சில வகைத் தகவல் திருட்டு மோசடிகளுக்குப் பொறுப்பாக்குகிறது. ஆனால் முதலீடு என்று நம்பி ஒருவர் தாமே அனுப்பிய பணத்துக்கு அது பொருந்தாது. அப்படிப்பட்டவர்களுக்காக வந்தது 2025 ஜூலையில் நடப்புக்கு வந்த மோசடிகளிலிருந்து பாதுகாப்புச் சட்டம். குடும்பத்தார் சொல்லியும் கேளாமல் பணம் அனுப்பத் துணிபவரின் வங்கிக் கணக்கை முதற்கட்டமாக 30 நாள்கள்வரை கட்டுப்படுத்தக் காவல்துறைக்கு அது அதிகாரம் தருகிறது. ஏமாறுபவர் தாம் ஏமாறுவதை நம்ப மறுப்பார் என்ற மனித இயல்பை ஏற்றுக்கொண்டு எழுதப்பட்ட சட்டம் என்பதால் அதை நான் மதிக்கிறேன்.

அண்ணன் மகனுக்கு நான் சொன்ன பதிலுக்கு வருகிறேன். நிறுவனம் பதிவாகியிருக்கிறதா என்று பார்ப்பதில் பயனில்லை, பதிவாகித்தான் இருக்கும். நாணய ஆணையத்தின் இணையத்தளத்தில் நிதி நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது. அதில் அந்த நிறுவனத்தின் முழுச் சட்டப் பெயர் இருக்கிறதா, எந்தச் சேவைக்கு உரிமம் என்று போட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதே தளத்தில் முதலீட்டாளர் எச்சரிக்கைப் பட்டியலும் உண்டு. ஆனால் அதில் பெயர் இல்லை என்பது நற்சான்று ஆகாது, எஃப்டிஎக்ஸ் அதில் இருந்ததில்லை. பிறகு, சேரும்போது படிக்காமல் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று அழுத்தும் ஒப்பந்தத்தில், எதிர்த்தரப்பு எந்த நாட்டில் உள்ள எந்த நிறுவனம், வழக்கு வந்தால் எங்கே போக வேண்டும் என்ற இரண்டு பத்திகளையாவது படிக்க வேண்டும்.

அந்த இரண்டு பத்திகள் எவ்வளவு கனமானவை என்பதை வசீர்எக்ஸ் என்ற கிரிப்டோ வணிகத் தளத்தின் விவகாரம் காட்டியது. 2024 ஜூலை 18 அன்று இந்தத் தளத்திலிருந்து சுமார் 235 மில்லியன் அமெரிக்க டாலர் பெறுமான டோக்கன்கள் திருடப்பட்டன; வடகொரியாவைச் சேர்ந்த ஊடுருவல் குழுவே இதற்குக் காரணம் என்று அமெரிக்கா, ஜப்பான், தென்கொரியா மூன்றும் பின்னர் கூட்டாக அறிவித்தன. வாடிக்கையாளர் சொத்தில் ஏறத்தாழ பாதி போய்விட்டது. இந்தியாவில் நன்கு அறிமுகமான அந்தத் தளத்தின் தாய் நிறுவனம் சிங்கப்பூரில் பதிவான ஸெட்டாய் என்பது பல வாடிக்கையாளர்களுக்கு அப்போதுதான் தெரியவந்தது. அதன் உண்மையான உரிமையாளர் யார் என்பதிலேயே தகராறு இருந்தது: 2019இல் வசீர்எக்ஸை வாங்கியதாக அறிவித்த பைனான்ஸ் (Binance) என்ற பெரிய கிரிப்டோ தளம், 2022இல் அந்த விற்பனை நிறைவேறவே இல்லை என்றது. கொள்ளை போனபின், இந்திய வாடிக்கையாளர்களின் இழப்பை எப்படிப் பங்கிடுவது என்பதைச் சிங்கப்பூர் உயர் நீதிமன்றம் முடிவுசெய்ய வேண்டியிருந்தது. வாக்களித்தவர்களில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் ஆதரித்த முதல் ஏற்பாட்டை 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்க மறுத்தது. திருத்தி, மறுபடி வாக்கெடுத்து, அக்டோபரில் ஒப்புதல் கிடைத்தது.

இதற்கிடையே சென்னையைச் சேர்ந்த வாடிக்கையாளர் ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார். அவர் வைத்திருந்தது 3,532 எக்ஸ்ஆர்பி நாணயங்கள். திருடப்பட்டவை வேறு வகை டோக்கன்கள். தன்னுடையது திருடு போகாதபோது மற்றவர்களின் இழப்பைத் தான் ஏன் சுமக்க வேண்டும் என்பது அவர் கேள்வி. சிங்கப்பூரில் 2023 ஜூலையில் நீதிபதி பிலிப் ஜெயரத்தினம், கிரிப்டோ டோக்கன் சொத்தாகும், அதை அறக்காப்பாக வைத்திருக்க முடியும் என்று ஒரு வழக்கில் தீர்ப்பளித்திருந்தார். சென்னையில் 2025 அக்டோபரில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷும் கிரிப்டோ நாணயம் சொத்தே, அதை ஒருவர் உடைமையாக வைத்திருக்கவும் மற்றொருவர் அறக்காப்பாக ஏற்கவும் முடியும் என்ற முடிவுக்கு வந்தார். ஒப்பந்தத்தின்படி, நீதிமன்றத்துக்கு வெளியே தகராறைத் தீர்க்கும் நடுவர் விசாரணைக்குரிய இடம் சிங்கப்பூர் என்று நிறுவனத் தரப்பு வாதிட்டது. அந்த வாடிக்கையாளர் பணம் செலுத்தியது சென்னையில் உள்ள வங்கிக் கணக்கிலிருந்து, தளத்தைப் பயன்படுத்தியது இந்தியாவிலிருந்து; ஆகவே நடுவர் விசாரணை முடியும்வரை அவருடைய சொத்துக்கு இடைக்காலப் பாதுகாப்பு அளிக்கத் தனக்கு அதிகாரம் உண்டு என்று நீதிமன்றம் கூறி, அதை அளித்தது.